தகரக் கொல்லரும் ஆசாரிய போஸும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரில் பெரும்பாலார் ராஜகிரி மலை ஏறுவதற்கு முன் கல்யாண மகாலின் எதிரே சற்று நின்று பார்ப்பது வழக்கம். அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் மேல் நிலைக்கு மண் குழாயின் வழியே தண்ணீர் ஏற்றப்பட்டது என்று சொல்லக் கேட்டதும் அவர்கள் அண்ணாந்து பார்த்து அதிசயிக்கிறார்கள். அதிசயிக்க வேண்டியது குழாயைப் பற்றி மட்டும் அன்று. ஒரு குழாயின் வாயோடு மறு குழாயின் வாயைக் கசிவின்றிப் பொருத்திய கையைப் பற்றியும் அதிசயிக்க வேண்டும். ஒரு பொருத்து விட்டுப்போயிருந்தாலும் மேல் நிலையில் இருந்தவர்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்திராது. 2025-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் ஆட்சியோடு சம்பந்தப்பட்ட கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது இவ்வூரார் அனைவரும் பெருமிதம் அடைந்தோம். அந்தப் பெருமிதத்தில் குழாய் பொருத்திய தொழிலாளிக்கு நாம் பங்கு கொடுத்தோமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் நமக்கு உதித்தது கோட்டையில் அன்று, கடைவீதியில். சில மாதங்களுக்கு முன் ரேடியோ, செல்போன் முதலியவற்றைப் பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றில் நாம் காத்திருந்தோம். அப்போது ஒன்பதாவது வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்காகத் தான் செய்த கருவியை அங்கே கொண்டுவந்தான். வீட்டு மின்சாரத்தைச் சிறிய டிரான்ஸ்பார்மரால் 12 வோல்ட்டாகக் குறைத்து, இரு திசையிலும் மாறி மாறிப் பாயும் அந்த மின்சாரத்தை நான்கு டயோடுகளால் ஒரே திசையில் செலுத்தி, ஒரு விளக்கை எரிப்பது அவன் ஏற்பாடு. விளக்கு எரிந்தது, கை பட்டால் அணைந்தது. டயோடுதான் கெட்டுவிட்டது என்று எண்ணி இருமுறை புதிய டயோடு வாங்கி மாற்றியும் பயனில்லை. கடைக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். டயோடுகளின் வெள்ளிக் கோடுகள் எல்லாம் இருக்க வேண்டிய பக்கத்திலேயே இருந்தன. ஓர் இடத்தில் ஈயம் மங்கிய நிறத்தில் உருண்டு நின்றது. அது டிரை சால்டர் என்று சொல்லி, அதில் சிறிது பிளக்ஸ் தடவி, சூட்டுக்கோலை வைத்து எடுத்தார். விளக்கு நிலையாக எரிந்தது.

பையன் அத்தோடு போய்விடவில்லை. டயோடு எதனால் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிறது என்று கேட்டான். கண்ணுக்கு ஒட்டியதாகத் தோன்றும் ஈயம் உண்மையில் ஒட்டாமல் இருப்பது எப்படி என்றும் கேட்டான். இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் தம் அனுபவத்தைக் கொண்டு அழகாகப் பதில் சொன்னார். முதல் கேள்வியைச் சட்டம் படித்த நம்மிடம் தள்ளிவிட்டார். நாம் விழித்தோம். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வி. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே அது. அந்தக் கேள்விக்காகத் தம் நடுவயதின் சிறந்த வருஷங்களைக் கொடுத்தவர் நம் தேசத்தவரான ஸர் ஜகதீச சந்திர போஸ். அவருடைய ஜன்ம தினமாகிய நவம்பர் 30-ந் தேதியை நினைவில் வைத்து, அவர் சரித்திரத்தை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி வங்காளத்தில் ஜகதீசர் பிறந்தார். அவருடைய தகப்பனார் பகவான் சந்திர போஸ் பிரம்ம ஸமாஜத்தைச் சேர்ந்தவர். டிபுடி மாஜிஸ்டிரேட் உத்தியோகம் வகித்தவர். அந்தக் காலத்தில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படுவார்கள். பகவான் சந்திரரோ தம் மகனை முதலில் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே முஸ்லிம் சேவகர் ஒருவரின் மகனும், மீன்பிடிப்பவர் ஒருவரின் மகனும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தாம் தண்டனை விதித்துச் சிறை சென்று மீண்ட ஒரு பழைய கொள்ளைக்காரனுக்கே அந்தத் தகப்பனார் வீட்டில் வேலை கொடுத்தார் என்றும், அவன் தோளில் ஏறியே சிறுவன் பள்ளி சென்றான் என்றும் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பர்த்வானில் கொடிய ஜுரம் பரவிப் பல குழந்தைகள் அநாதைகளானபோது, அவர் தச்சு வேலை, உலோக வேலை முதலியவற்றைக் கற்பிக்கும் பட்டறைகளைத் தம் இருப்பிடத்திலேயே வைத்து நடத்தினார். மகன் உளியையும் சுத்தியையும் கையில் எடுத்து விளையாடியது அங்கேதான். பிற்காலத்து ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் கலாசாலையில் அன்று, அந்தப் பட்டறையில் இடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

பின்னர் ஜகதீசர் கல்கத்தா சென்று ஸெயின்ட் சேவியர் பள்ளியிலும் காலேஜிலும் படித்தார். அங்கே பாதர் லாபான் என்ற பாதிரியார் பரிசோதனைகளைச் செய்துகாட்டிப் பௌதிக சாஸ்திரத்தைப் போதித்து வந்தார். அவரிடம் படித்த பின் 1880-ல் இளைஞர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முதலில் லண்டனில் வைத்தியம் படித்தார். முன்பே பீடித்திருந்த ஜுரம் பிணப் பரிசோதனை அறையின் நாற்றத்தால் அதிகரிக்கவே, அதை விட்டுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் காலேஜில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் லார்டு ரேலே தலைசிறந்தவர். 1884-ல் பட்டம் பெற்று, மறு வருஷம் தாயகம் திரும்பினார்.

திரும்பியதும் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிகப் பேராசிரியராகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். இந்தியருக்கு விஞ்ஞானம் போதிக்கும் தகுதி ஏது என்று கல்வி இலாகாவின் மேலதிகாரிகள் எண்ணிய காலம் அது. ஒரே வேலையைச் செய்யும் வெள்ளைக்காரருடைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு விதிக்கப்பட்டிருந்தது. நியமனம் தற்காலிகமானதால் அதிலும் பாதிதான் போஸுக்கு. அவர் சம்பளத்தை வாங்க மறுத்தார். வேலையை விடவும் மறுத்தார். ஒரு மாதமோ இரண்டு மாதமோ அன்று, மூன்று வருஷங்கள் ஒரு காசும் பெற்றுக்கொள்ளாமல் வகுப்பு நடத்தினார். தகப்பனாருக்கோ பல முயற்சிகளில் நஷ்டம் ஏற்பட்டுக் கடன் பெருகியிருந்தது. நியாயத்துக்காக நிற்பவன் வீட்டில் அடுப்பெரியாத நாளும் உண்டு என்பதை வக்கீல் தொழிலில் நாம் பல முறை கண்டிருக்கிறோம். எதிர்க்கட்சி அந்த நாளுக்காகவே காத்திருக்கும். இங்கே முதலில் களைத்தது சர்க்கார்தான். மூன்று வருஷ முடிவில் வேலையை நிரந்தரமாக்கி, பழைய பாக்கி முழுவதையும் முழு விகிதத்தில் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அவர் அதைக் கொண்டு தகப்பனாரின் கடனை அடைத்தார்.

இந்தச் சோதனைக் காலத்தில், 1887-ல், அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் ஸ்ரீமதி அபலா தாஸ். கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்காத காரணத்தால் அந்த அம்மையார் நமது சென்னைக்கு வந்து வைத்தியம் படித்தவர் என்பது தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. பிற்காலத்தில் அவர் வங்கப் பெண்களின் கல்விக்காகப் பெரும்பணி செய்தார்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். வெளிச்சத்தைப் போலவே மின்சாரமும் அலைகளாக வெளியில் செல்லும் என்று மாக்ஸ்வெல் கணக்கினால் காட்டினார். ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் பரிசோதனையால் நிரூபித்தார். ஹெர்ட்ஸ் 1894-ன் முதல் நாளில் காலமானார். அவருடைய வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் செய்த பிரசங்கத்தைப் படித்த போஸ் தாமும் அந்தத் துறையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. காலேஜில் ஆராய்ச்சிக்கென்று கூடம் இல்லை. குளிக்கும் அறையை அடுத்திருந்த, 24 சதுர அடி விஸ்தீரணமுள்ள ஒரு மூலையை அவர் ஆராய்ச்சிச்சாலையாக மாற்றிக்கொண்டார். கருவிகள் சீமையிலிருந்து வரவழைக்கப்படவில்லை. முறையான பயிற்சி இல்லாத ஒரு தகரக் கொல்லரை அழைத்துவந்து, வேலை கற்பித்து, அவர் கையாலேயே எல்லாவற்றையும் செய்துகொண்டார். தகரம் வெட்டிப் பற்றுவைத்துப் பிழைத்த அந்தக் கைகள், அதுவரை மனிதர்கள் உண்டாக்கியிராத அளவு சிறிய மின்சார அலைகளை உண்டாக்கும் கருவிகளைச் செய்தன.

ஹெர்ட்ஸ் உபயோகித்த அலைகள் முழக்கணக்கில் நீண்டவை. அவற்றைக் கொண்டு பரிசோதனை செய்யப் பெரிய கூடம் வேண்டும். போஸ் அலைகளின் நீளத்தைச் சுமார் 5 மில்லிமீட்டருக்குக் குறைத்தார். மேஜை மேல் வைக்கும் சிறு பெட்டிக்குள் அவ்வலைகள் வெளிச்சத்தைப் போலவே வளைவதையும், திரும்புவதையும், ஒரு தளத்தில் அடங்குவதையும் காட்டினார். ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே ஈயத்தகடுகளைச் செருகி, அதையே ஒரு நுட்பமான சாதனமாக உபயோகித்தார். வங்காளத்தில் மலிவாகக் கிடைக்கும் சணலை முறுக்கி வேறொரு சாதனம் செய்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் வங்காள லெப்டினன்ட் கவர்னரும் பிறரும் பார்த்திருக்க, கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி, தூரத்தில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்தார். 1896-ல் லண்டன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் பிரசங்கம் செய்தபோது, விஞ்ஞான மேதைகள் அந்தச் சிறு கருவிகளைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அலைகளை உண்டாக்குவது ஒரு பாதி. வந்த அலையை அறிந்துகொள்வது மறு பாதி. பையனுடைய கேள்விகளுக்கு விடை இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. அக்காலத்தில் அலையை அறிய, இரும்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை உபயோகித்து வந்தார்கள். தூளின் துகள்கள் ஒன்றையொன்று அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் மின்சாரம் எளிதில் பாயாது. அலை வந்து பட்டதும் அவை இணங்கி வழிவிடும். பிறகு தட்டிவிட்டால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். இன்று ஒருபடி நடந்தால் நாளை வேறுபடி நடக்கும். வங்காளத்தின் ஈரக்காற்றில் துருவேறிப் பயன்றறும் போகும்.

தூள் மனம்போனபடி தொடுவதே குற்றம் என்று போஸ் கண்டார். தூளை நீக்கி, மெல்லிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, திருகாணியால் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வகைசெய்தார். ஒவ்வொரு தொடுமிடமும் எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு வோல்ட்டில், எவ்வளவு மின்சாரத்தை விடுகிறது என்று அளந்தார். உலோகம் உலோகமாக மாற்றிப் பரிசோதித்தார். 1899-ல் ராயல் சொஸைட்டிக்கு அவர் சமர்ப்பித்த கட்டுரை, தட்டாமலே தானாகத் தெளியும் கருவியைப் பற்றியது. இரும்புக்கும் பாதரசத்துக்கும் இடையே உள்ள தொடுமிடமே அதன் உயிர்நிலை.

உலோகங்களோடு அவர் நிற்கவில்லை. கலீனா என்பது காரீயமும் கந்தகமும் சேர்ந்த தாது, பூமியில் வெட்டியெடுப்பது. அதன் மேல் ஒரு உலோக முனையைத் தொடவைத்தபோது, வோல்ட்டை இருமடங்காக்கினால் மின்சாரம் இருமடங்காகாமல் அதற்கு மேலும் பெருகக் கண்டார். செம்புக் கம்பியில் இது நிகழாது. இவ்வகைத் தாதுக்களில் உலோக முனையைத் தொடவைத்தால் மின்சாரம் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் அரிதாகவும் பாய்கிறது என்பதை ஜெர்மனியின் பெர்டினாண்டு பிரவுன் 1874-லேயே கண்டிருந்தார். அந்தப் பெருமை அவருக்கே உரியது. அத்தகைய ஸ்படிகத் தொடுமிடத்தை மின்சார அலையை அறியும் கருவியாக முதன்முதல் ஆக்கியவர் போஸ். அக்கருவி வெளிச்சத்தையும் உணரக்கூடியது. அதனால் கண்ணின் விழித்திரைக்கு ஒப்பாக அதை அவர் கருதினார்.

இன்று கடையில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்கு விற்கும் டயோடு இந்த வம்சத்தில் பிறந்ததே. டயோடு என்ற பெயரை 1919-ல் எக்லஸ் என்ற ஆங்கிலேயர் வழங்கினார். தற்காலத்து டயோடுக்குள்ளே ஸிலிகன் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு பாதியில் மின்னணுக்கள் மிகுதி. மறு பாதியில் அவற்றுக்குக் குறை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு தடை தானே எழுகிறது. நேர்முகமாகச் சுமார் 0.6 அல்லது 0.7 வோல்ட் கொடுத்தால் தடை தாழ்ந்து வழிவிடும். எதிர்முகமாகக் கொடுத்தால் தடை மேலும் உயரும். ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழ்ந்த பிளவு ஒன்று உண்டு. பாலம் கிடந்தால் மேலே செல்லலாம், பாலம் எடுக்கப்பட்டால் சேனையும் நின்றுவிடும். மின்சாரத்தின் திசையே அந்தப் பாலத்தைப் போடவும் எடுக்கவும் செய்கிறது என்று வைத்துக்கொண்டால் டயோடு விளங்கிவிடும். டயோடின் மேல் உள்ள கோடு, மின்சாரம் வெளியேறும் முனை எது என்பதைக் காட்டுகிறது.

பையனின் மற்றக் கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. செம்புக் கம்பியின் மேல் காற்றுப்பட்டு மெல்லிய களிம்புப் படலம் உண்டாகிறது. நம் ஊர்களில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பது அந்தப் படலத்தைக் களையத்தான். பழுது பார்ப்பவர் தடவும் பிளக்ஸும் அதே வேலையைச் செய்கிறது. சூட்டுக்கோலில் ஈயத்தை உருக்கிக்கொண்டுபோய்க் கம்பியின் மேல் வைப்பது தவறு. கம்பியையும் தகட்டையும் சேர்த்துச் சுடவைத்து, அந்தச் சூட்டிலேயே ஈயம் உருகிப் பரவ விடவேண்டும். நன்றாய்ப் பற்றிய ஈயம் கம்பியைத் தழுவிச் சரிந்து நிற்கும். பற்றாதது தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றீயம் 183 டிகிரியில் உருகும். அதிகச் சூட்டில் வெகு நேரம் வைத்தால் டயோடு கெடும். இரண்டு மூன்று விநாடிகளில் காரியத்தை முடித்து, ஈயம் உறையும்வரை அசைக்காமல் இருக்க வேண்டும். காரீயம் உடலுக்குத் தீங்கானது. ஆகையால் வேலை முடிந்ததும் கை கழுவவேண்டும். எழும் புகையையும் சுவாசிக்கலாகாது.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். சரியாகப் பற்றாத இடமும், துருவேறிய இணைப்பும் சில சமயங்களில் டயோடைப்போலவே ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் மின்சாரத்தை விடுகின்றன. துருப்பிடித்த கம்பியும் வேலியும் ரேடியோவுக்கு இடைஞ்சல் செய்வது இதனால்தான். எல்லோரும் பழுது என்று ஒதுக்கிய அரைகுறைத் தொடர்பைப் போஸ் எடுத்து, அளந்து, அடக்கிக் கருவியாக்கினார். கலீனாவில் காரீயம் மின்சாரத்தைத் திசை பார்த்து விடுகிறது. பற்றீயத்தில் அதே காரீயம் இரு திசையிலும் தாராளமாக விடுகிறது. தொடும் இடத்தை அறிந்தவனுக்கு இரண்டும் கைவசம். அறியாதவனுக்கு இரண்டும் தொல்லை.

இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் பேடண்டு உரிமை கிடைத்தது. 1901 செப்டம்பர் 30-ந் தேதி மனுச் செய்து, 1904 மார்ச் 29-ந் தேதி 755,840 என்ற எண்ணில் வழங்கப்பட்டது. உரிமையில் பாதி ஸாரா புல் என்ற அமெரிக்க மாதின் பெயரில் இருந்தது. போஸுக்கு இதில் விருப்பம் இருக்கவில்லை; அந்த மாதும் ஸகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியே மனுப் போடச் செய்தார்கள். அதே 1901-ல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி லாபத்தில் பாதி தருவதாகக் கெஞ்சியும் அவர் மறுத்தார். இதை நண்பர் ரவீந்திரநாத தாகூருக்கு எழுதித் தெரிவித்தார். பணத்தாசை ஒருமுறை உள்ளே புகுந்தால் வெளியேறாது என்பது அவர் பயம். கிடைத்த உரிமையைக் கொண்டும் அவர் சம்பாதிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. ரேடியோவைக் கண்டுபிடித்தவர் போஸ்தான், மார்க்கோனி அன்று என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்கிறோம். தேசாபிமானம் நமக்கும் உண்டு. ஆனால் கோர்ட்டில் பழகியவர்களுக்குச் சாட்சியம் எவ்வளவோ அவ்வளவுதான் தீர்ப்பு. தந்தியை வெகுதூரம் அனுப்பும் தொழிலை வளர்த்தவர் மார்க்கோனி. அதைப் போஸ் நாடவே இல்லை. மிகச் சிறிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்ததும், ஸ்படிகத் தொடுமிடத்தை அலையறியும் கருவியாக்கியதும் போஸின் உரிமை. இதற்குப் பத்திரம் இருக்கிறது. டிரான்ஸிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவரான வால்டர் பிராட்டெய்ன், ஸகா ஒருவருடன் 1955-ல் எழுதிய சரித்திரக் கட்டுரையில் ஸ்படிகத்தைக் கொண்டு ரேடியோ அலையை அறிந்ததில் போஸுக்கே முதன்மை கொடுத்தார். 2012-ல் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக மின்னியல் எஞ்ஜினீயர் சங்கம் பிரஸிடென்ஸி காலேஜில் நடந்த அவருடைய பரிசோதனைகளைச் சரித்திர மைல்கல்லாக அங்கீகரித்தது. இவ்வளவு உறுதியான பெருமை இருக்க, பொய்யான பெருமையை அதன்மேல் ஒட்டவைப்பது ஏன்? அதுவும் ஒரு டிரை சால்டர்தான், தொட்டால் விட்டுப்போகும்.

போஸின் பிற்காலத்துக்குக் காரணமானதும் இந்தத் தொடுமிடமே. வெகுநேரம் வேலை செய்த கருவி சோர்வதையும், ஓய்வு கொடுத்தால் தெளிவதையும் அவர் கண்டார். தசையும் இப்படித்தானே சோர்ந்து தெளிகிறது என்று எண்ணினார். 1901-ல் லண்டனில் இதைச் சொன்னபோது உடலியல் பண்டிதர்கள் ஆட்சேபித்தார்கள். ராயல் சொஸைட்டி அவர் கட்டுரையைப் பிரசுரிக்கவில்லை. அவர் தளரவில்லை. செடிகளிடம் சென்றார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார். தொட்டால் வாடியும் பிற தாவரங்களும் மின்சாரத் துடிப்பினால் செய்தி அனுப்புகின்றன என்று காட்டினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் உலகம் ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தாவரங்களில் மின்சாரச் செய்தி ஓடுகிறது என்பது இன்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட விஷயம்.

1915-ல் காலேஜிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. அவ்வருஷம் தம் ஜன்ம தினத்தன்று கல்கத்தாவில் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி மந்திரத்தைத் திறந்துவைத்தார். அங்கே கண்டறியப்படும் உண்மைகளுக்குப் பேடண்டு எடுக்கலாகாது, அவை பொதுச்சொத்து என்பது அன்று அதன் கொள்கையாக இருந்தது. 1920-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. 1937 நவம்பர் 23-ந் தேதி, எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிடியில் காலமானார். அப்போது கலீனாக் கருவி பழைய சாமானாகிவிட்டது. எங்கும் வால்வு ரேடியோக்கள் பாடின. ஆனால் சில வருஷங்களுக்குள் உலக யுத்தம் மூண்டது. ரேடாரின் மிகச் சிறிய அலைகளை வால்வுகள் அறியமாட்டாமல் திகைத்தபோது, மறுபடியும் ஸ்படிகமும் ஊசிமுனையுமே கைகொடுத்தன. 1947 டிசம்பரில் பிறந்த முதல் டிரான்ஸிஸ்டரும் ஜெர்மேனியம் ஸ்படிகத்தின் மேல் உலோக முனைகள் தொட்டு நின்ற ஒரு கருவியே.

இந்தச் சரித்திரத்தில் நாம் கற்க வேண்டியது யாது? கேம்பிரிட்ஜ் பட்டதாரியின் அறிவும் தகரக் கொல்லரின் கையும் குளியலறைப் பக்கத்து மூலை ஒன்றில் சந்தித்தன. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் காரியம் நடந்திராது. நமது தேசத்தில் படித்தவன் கருவியைத் தொடமாட்டான். கருவியைத் தொடுகிறவனைப் படிக்க விடமாட்டோம். இந்த இரண்டு வகுப்பாரும் அருகருகே இருந்தும் ஒட்டாமல் இருக்கிறோம். நடுவிலே பழைய கர்வம் என்னும் களிம்பு படர்ந்திருக்கிறது. அதைத் தேய்த்துக் களையாமல் மேலே எவ்வளவு ஈயத்தை வார்த்தாலும் உருண்டுதான் நிற்கும்.

ஆகையால் செஞ்சி வட்டாரத்துப் பள்ளிக்கூட நிர்வாகிகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். ஒவ்வொரு உயர்தரப் பள்ளியிலும் ஒரு மேஜை, நாலைந்து சூட்டுக்கோல்கள், சிறிது பற்றீயம், ஒரு பெட்டி டயோடுகள் வையுங்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கடைவீதியில் பழுது பார்க்கும் தொழிலாளியை வாரம் ஒருமுறை அழைத்து, ஆசிரியருக்குச் சமமாக நாற்காலி கொடுத்து, அவர் கையால் பிள்ளைகளுக்குப் பற்றுவைக்கக் கற்பியுங்கள். டயோடு எதனால் ஒருவழி விடுகிறது என்பதை ஆசிரியர் அவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். பொருட்காட்சியில் விளக்கை எரியவைத்த அந்தப் பையன், மறுநாள் கடைக்குத் திரும்பி வந்து, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார அனுமதி கேட்டான் என்று பின்னர் அறிந்தோம். கடைக்காரர் ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போட்டாராம். போஸின் ஜன்ம தினத்துக்கு இதைவிடச் சிறந்த கொண்டாட்டம் நமக்குத் தெரியவில்லை.